பதினாறுக்குப் பதினாறும் தோல்வி: டெட்ராய்ட் லயன்ஸ் 2008, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலைக்கு வந்து சேரும் நம் ஆட்கள் முதல் குளிர்காலத்திலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார்கள். ஆபீஸில் கொஞ்சம் வயதானவர் யாரிடமாவது ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸ் பேச்சை எடுத்தால் போதும், போன வார ஆட்டத்தில் ஆரம்பித்து ஐந்தே நிமிடத்தில் 2008-க்குப் போய்விடுவார். அந்த வருடத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

2008-ல் அப்படி என்ன நடந்தது?

லயன்ஸ் அணி 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்றது. அதற்கு முன்னால் 1976-ல் டாம்பா பே அணி 14-க்கு 14 தோற்றிருக்கிறது. ஆனால் அப்போது சீசனே 14 ஆட்டம்தான். முழுசாக 16 ஆட்டம் ஆடி ஒன்றுகூட ஜெயிக்காத முதல் அணி லயன்ஸ். அடித்த புள்ளிகள் 268, கொடுத்தவை 517. சீசன் நடக்கும்போதே அணியின் நிர்வாகத் தலைவரின் வேலை போனது, முடிந்த மறுநாள் பயிற்சியாளரின் வேலையும் போனது.

எனக்கு அமெரிக்கக் கால்பந்து தெரியாது. இது புரியுமா?

புரியும். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

என்எஃப்எல் என்ற இந்த லீகில் 32 அணிகள். எவ்வளவு தோற்றாலும் யாரையும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ள மாட்டார்கள், கீழ்ப்பிரிவு என்ற ஒன்றே கிடையாது. ஆட்டம் வாரத்துக்கு ஒன்று. அதனால் ஒரு தோல்வியை ஏழு நாள் சுமக்க வேண்டும்.

இரண்டாவது, டிராஃப்ட். ஐபிஎல் மாதிரி ஏலம் இல்லை. கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. அதாவது, தோற்றவனுக்கு நல்ல பண்டம் முதலில் கிடைக்கும். இருந்தும் ஒரு அணி வருடக்கணக்கில் எழுந்திருக்கவில்லை என்றால், எடுக்கிற ஆளிடம் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

மூன்றாவது, யார் பொறுப்பு என்பது. முதலாளி மேலே. அவருக்குக் கீழே தலைவர் அல்லது ஜெனரல் மேனேஜர், வீரர்களை எடுப்பதும் விற்பதும் இவர் வேலை. கிடைத்த வீரர்களை வைத்து ஆட்டத்தை நடத்துபவர் தலைமைப் பயிற்சியாளர். திட்டு விழுவது இந்த வரிசையில் கீழிருந்து மேலே போகும். பெரும்பாலும் பாதி வழியிலேயே நின்றும்விடும்.

சீசனுக்கு முன்பு நடந்த பயிற்சி ஆட்டங்களை எல்லாம் ஜெயித்தார்களாமே?

ஆமாம், நான்குக்கு நான்கு. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் உண்மை. அதற்கு முந்தைய 2007 சீசனிலும் முதல் எட்டு ஆட்டத்தில் ஆறு ஜெயித்திருந்தார்கள், பிறகு எட்டில் ஏழு தோற்று 7–9 (ஏழு வெற்றி, ஒன்பது தோல்வி) என்று முடித்தார்கள். அந்தச் சரிவுதான் அணியின் உண்மை நிலவரம். பயிற்சி ஆட்டங்களில் முக்கிய வீரர்கள் கொஞ்ச நேரம்தான் ஆடுவார்கள், மீதி நேரம் பெஞ்சில் இருப்பவர்கள். அதை வைத்து மாப்பிள்ளை பார்க்கக் கூடாது.

சீசன் ஆரம்பித்த முதல் ஞாயிறே வேஷம் கலைந்தது. அட்லாண்டா அணியின் புது குவார்ட்டர்பேக் (அணிக்காகப் பந்தை எறிபவர்) மேட் ரையன், தன் என்எஃப்எல் வாழ்க்கையில் எறிந்த முதல் பந்தே 62 கெஜம் போய் டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) ஆனது. அதே ஆட்டத்தில் மைக்கேல் டர்னர் பந்தைத் தூக்கிக்கொண்டு மொத்தம் 220 கெஜம் ஓடினார். அடுத்த வாரம் கிரீன் பே 48, அதற்கடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோ 31. மூன்றே ஆட்டத்தில் 113 புள்ளி கொடுத்தாயிற்று.

கோட்டுக்கு வெளியே ஓடினாரே, அந்தச் சம்பவம் என்ன?

2008 அக்டோபர் 12, மினியாபோலிஸ். முதன்மை குவார்ட்டர்பேக் ஜான் கிட்னா இல்லாததால் டான் ஆர்லோவ்ஸ்கிக்கு வாய்ப்பு கிடைத்தது. என்எஃப்எல்-லில் அவர் முதலிலிருந்து ஆடிய முதல் ஆட்டம் அது. லயன்ஸ் தன் சொந்த எல்லைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆர்லோவ்ஸ்கி பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் எண்ட் சோனுக்குள் (எல்லைக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கடைசிப் பகுதி) போகிறார். எதிரணியின் ஜாரெட் ஆலன் துரத்துகிறார். ஆர்லோவ்ஸ்கி வலப்பக்கம் திரும்பி ஓடுகிறார், எறிய ஆள் தேடுகிறார். கண் முழுக்க முன்னால். கால் எப்போதோ மைதானத்தின் பின் கோட்டைத் தாண்டி வெள்ளைப் பட்டைக்கு வெளியே போய்விட்டது. விசில் கேட்கிறது, அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். ஆலன் விரலை நீட்டிக் காட்டுகிறார்.

இப்படி வெளியே போனால் அதற்குப் பெயர் சேஃப்டி. எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் முடிந்தபோது மினசோட்டா 12, லயன்ஸ் 10.

அந்த இரண்டு புள்ளியால்தான் தோற்றார்கள் என்று சொல்வது எளிது. கடைசி நிமிடங்களில் லயன்ஸ் மேல் கொடுக்கப்பட்ட 42 கெஜ ஃபவுல் ஒன்றும் இருக்கிறது. அது சரியான தீர்ப்பா என்று இன்றும் சண்டை போடுவார்கள். அதை வைத்துத்தான் மினசோட்டா முன்னேறி, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் அடித்து ஜெயித்தது. ஆனால் ஃபவுலை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? கோட்டுக்கு வெளியே ஓடிய மனிதர்தான் நிற்கிறார். ஆர்லோவ்ஸ்கி பிற்பாடு தொலைக்காட்சியில் ஆட்டத்தை அலசும் வேலைக்குப் போய் நல்ல பெயர் எடுத்தார், அந்த ஓட்டத்தை வைத்துத் தன்னையே கிண்டலும் செய்துகொள்வார்.

மேட் மில்லென் என்று ஒருவரைத் திட்டுகிறார்களே, அவர் யார்?

என்னைக் கேட்டால் 2008 சீசன் 2001 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. அப்போதுதான் மில்லென் லயன்ஸின் தலைவர் ஆனார்.

ஆட்டக்காரராக அவர் லேசுப்பட்டவர் இல்லை. தடுப்பு வரிசையில் ஆடி, மூன்று வெவ்வேறு அணிகளில் நான்கு சூப்பர் பௌல் கோப்பை (லீகின் சாம்பியன் பட்டம்) வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர், அதிலும் நல்ல பெயர். ஆனால் ஒரு அணியின் அலுவலகத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. வர்ணனை செய்யும்போது பேசிய பேச்சில் மயங்கி, முழு அணியின் சாவியையும் கையில் கொடுத்தார் முதலாளி வில்லியம் கிளே ஃபோர்டு.

மில்லென் வருவதற்கு முந்தைய வருடம் லயன்ஸ் 9–7. மோசமான அணி இல்லை. அவர் வந்த முதல் வருடம் 2–14. அடுத்தது 3–13. அவர் எடுத்த முதல் பயிற்சியாளர் மார்ட்டி மார்ன்ஹின்வெக், 2002-ல் சிகாகோவுடன் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தில் டாஸ் ஜெயித்தும் பந்தை எதிரணிக்கே கொடுத்தார். காற்று தன் பக்கம் இருக்கட்டும் என்று நினைப்பு. அன்றைய விதிப்படி முதலில் புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். சிகாகோ பந்தை வாங்கி ஃபீல்டு கோல் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. டெட்ராய்டில் இன்றும் யாராவது அதிபுத்திசாலித்தனமாக முடிவெடுத்தால் காற்றைப் பற்றி ஒரு ஜோக் வரும்.

மார்ன்ஹின்வெக் போய் ஸ்டீவ் மாரியூச்சி வந்தார், 2005 நடுவில் அவரும் போனார். 2006-ல் ராட் மாரினெல்லி வந்தார். இரண்டு பேர் வந்து போய் மூன்றாவது பயிற்சியாளரும் வந்தாயிற்று, நாற்காலியில் மில்லென் மட்டும் அப்படியே. அவர் காலத்து மொத்தக் கணக்கு: வெற்றி 31, தோல்வி 84.

ரிசீவர்களையே எடுத்துக்கொண்டிருந்தார் என்பது உண்மையா?

உண்மை. ரிசீவர் என்றால் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர். பார்க்க ரொம்ப அழகான வேலை, ஆனால் எறிய ஆள் வேண்டும், எறிபவரைக் காக்க ஐந்து தடியர்கள் வேண்டும். மில்லென் 2003-ல் முதல் சுற்றில் சார்லஸ் ராஜர்ஸை எடுத்தார். 2004-ல் ராய் வில்லியம்ஸ். 2005-ல் மைக் வில்லியம்ஸ். மூன்று வருடம், மூன்று முதல் சுற்று, மூன்றும் ரிசீவர். சட்னி மூன்று வகை அரைத்து வைத்துவிட்டு இட்லிக்கு மாவு ஊறப்போட மறந்த வீடு.

ராஜர்ஸ் மிச்சிகனிலேயே பிறந்து வளர்ந்த பையன். காரை எலும்பு இரண்டு வருடம் அடுத்தடுத்து உடைந்தது, மொத்தமே 15 ஆட்டம் ஆடினார். அதற்கு மில்லெனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2005-ல் பத்தாவது இடத்தில் மைக் வில்லியம்ஸை எடுத்ததும், பதினோராவது இடத்தில் டாலஸ் எடுத்தது டெமார்கஸ் வேரை. வேர் பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேமுக்கு (மிகச் சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) போனார். மைக் வில்லியம்ஸ் இரண்டே வருடத்தில் டெட்ராய்டை விட்டுப் போனார்.

வேடிக்கை என்னவென்றால் 2007-ல் நான்காவது முறையாக ரிசீவரை எடுத்தபோது ஊரே தலையில் அடித்துக்கொண்டது. அந்த ஆள் கால்வின் ஜான்சன். அவரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்.

இவ்வளவு தோற்றும் ஏன் ஏழு வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள்?

முதலாளியின் குணம். வில்லியம் கிளே ஃபோர்டு, கார் கம்பெனி ஆரம்பித்த ஹென்றி ஃபோர்டின் பேரன். 1963-ல் 45 லட்சம் டாலருக்கு அணியை முழுசாக வாங்கியவர். மென்மையான மனிதர், நம்பி வைத்தவரை லேசில் கைவிட மாட்டார். குடும்பத்துக்கு அது நல்ல குணம். 2005-ல் மில்லெனின் ஒப்பந்தத்தை நீட்டிக்கக்கூடச் செய்தார். அந்த வருடம் டிசம்பரில் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே ஊர்வலம் போனார்கள், எதிரணியின் ஆரஞ்சு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். மில்லெனை நீக்கச் சொல்லும் அட்டை எந்த விளையாட்டு நடந்தாலும், லயன்ஸ் ஆடாத இடத்தில்கூட, எங்காவது தலைக்கு மேல் தெரியும். முதலாளி அசையவில்லை.

கடைசியில் அசைத்தது அவர் மகன். 2008 செப்டம்பர் 22-ஆம் தேதி, மூன்று தோல்விக்குப் பிறகு, பில் ஃபோர்டு ஜூனியர் பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: அதிகாரம் என் கையில் இருந்தால் மாற்றியிருப்பேன், ரசிகர்களுக்கு இதைவிட நல்லது கிடைக்க வேண்டும் என்று. அப்பா உயிரோடு முதலாளியாக இருக்கும்போது மகன் ஊரறியச் சொல்கிறார். இரண்டே நாளில், 24-ஆம் தேதி, மில்லென் போய்விட்டார்.

அவர் போன பிறகும் ஏன் ஒன்றும் மாறவில்லை?

செப்டம்பரில் தலைவரை மாற்றினால் மைதானத்தில் யார் மாறுவார்? வீரர்களை எடுக்கும் காலம் ஏப்ரல். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, நினைத்தபோது காசைக் கொட்டி ஆள் வாங்கவும் முடியாது. சமையல் பாதியில் சமையல்காரரை அனுப்பிவிட்டால், அடுப்பில் இருக்கும் குழம்புதான் சாப்பாட்டுக்கு வரும்.

தவிர, மில்லெனின் இடத்துக்கு வந்த மார்ட்டின் மேஹ்யூ அதே அலுவலகத்தில் மில்லெனுக்குக் கீழே வேலை பார்த்தவர். டாம் லூவாண்டும் அப்படித்தான், சீசன் முடிந்ததும் அவர் தலைவர் ஆனார். ரசிகர்களுக்கு எரிச்சல். ஆனால் மேஹ்யூ வந்த சில வாரத்தில் செய்த ஒரு வேலையைப் பாராட்ட வேண்டும்: ராய் வில்லியம்ஸை டாலஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் இன்னும் இரண்டையும் வாங்கினார். ராய் டாலஸில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. அந்த 2008-ல் லயன்ஸ் ஜெயித்தது இது ஒன்றுதான், அதுவும் ஃபோனில்.

ஏற்கெனவே ஓய்வு அறிவித்திருந்த டான்டே கல்பெப்பரை நவம்பரில் கூப்பிட்டுவந்து குவார்ட்டர்பேக் ஆக்கினார்கள். அவராலும் முடியவில்லை.

பயிற்சியாளர் மாரினெல்லி மேல் தப்பு இல்லையா?

இருக்கிறது. தடுப்பாட்டம்தான் அவர் தொழில், அந்தத் தடுப்பாட்டம்தான் 517 புள்ளி கொடுத்தது. தடுப்பாட்டத்தைக் கவனித்துக்கொண்ட ஜோ பேரி அவருடைய சொந்த மருமகன். தகுதி இருந்ததா இல்லையா என்பது வேறு, பார்ப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

டிசம்பர் 21, நியூ ஆர்லியன்ஸிடம் 42–7 என்று தோற்ற பிறகு நடந்த செய்தியாளர் சந்திப்பில், உங்கள் மகள் இதைவிட நல்ல தடுப்புப் பயிற்சியாளரைக் கட்டியிருக்கலாமே என்ற பொருளில் ஒருவர் கேட்டுவிட்டார். வியட்நாம் போருக்குப் போய்வந்த மனிதர் மாரினெல்லி. கத்தவில்லை, அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார். அந்த வருடம் அவர் மேல் கோபமாக இருந்த பலருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. தோற்றவனை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால் எப்படி?

டிசம்பர் 28-ஆம் தேதி கிரீன் பேயில் 31–21 என்று கடைசி ஆட்டமும் போனது. 29-ஆம் தேதி அவரை நீக்கினார்கள். மூன்று வருடக் கணக்கு 10–38. பிறகு வேறு அணிகளில் தடுப்பாட்டப் பயிற்சியாளராகப் போய் நன்றாகவே வேலை பார்த்தார்.

அந்த அணியில் ஒருவர்கூடவா நன்றாக ஆடவில்லை?

கால்வின் ஜான்சன் அந்தக் குப்பையில் நின்று 1,331 கெஜம் பிடித்தார், 12 டச் டவுன். ஒரே சீசனில் அவருக்குப் பந்து எறிந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உதைப்பவர் ஜேசன் ஹான்சன், 50 கெஜத்துக்கு மேல் எட்டு ஃபீல்டு கோல். அவ்வளவு தூரத்திலிருந்து அடிக்க வேண்டி வந்தது ஏன் என்று கேட்காதீர்கள்.

எல்லா ஆட்டமும் ஒரு பக்கமாகவா முடிந்தது?

இல்லை, அதுதான் வலி. சிகாகோவில் பாதி ஆட்டம் முடிந்தபோது 23–13 என்று முன்னால் இருந்து 27–23 என்று தோற்றார்கள். டாம்பா பேயுடன் 17–0 என்று ஆரம்பித்து 38–20. மினசோட்டாவுடன் இரண்டாவது முறை 20–16. ஒன்றை ஜெயித்திருந்தால் 1–15 என்ற சாதாரண மோசமான அணியாக மறக்கப்பட்டிருக்கும்.

ஆனால் நாடு முழுக்கப் பார்க்கும் தேங்க்ஸ்கிவிங் ஆட்டத்தில் டென்னஸியிடம் 47–10. 1934-லிருந்து அந்த நாளில் டெட்ராய்டில் ஆட்டம் நடத்துவது வழக்கம், அந்த உரிமையைப் பிடுங்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அதே வாரங்களில்தான் கார் கம்பெனித் தலைவர்கள் வாஷிங்டனில் கடன் கேட்டு நின்றார்கள். ஊர் இருந்த நிலையில் லயன்ஸும் சேர்ந்துகொண்டது.

இந்தச் சாதனை இவர்களுக்கு மட்டும்தானா?

கூட்டாளி கிடைத்தார். 2017-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸும் 0–16. அங்கே வேறு கதை: டிசம்பரில் வீரர் தேர்வை நடத்திய சாஷி பிரவுனை நீக்கி ஜான் டார்சியைக் கொண்டுவந்தார்கள், பயிற்சியாளர் ஹியூ ஜாக்சனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முந்தைய வருடமும் 1–15. மறுபடி அப்படி ஆனால் ஏரியில் குதிப்பேன் என்று சொல்லியிருந்த ஜாக்சன், 2018 ஜூனில் நிஜமாகவே ஈரி ஏரியில் இறங்கினார். ரசிகர்கள் 2018 ஜனவரிக் குளிரில் மைதானத்தைச் சுற்றி வட்டமாக ஊர்வலம் போனார்கள். வட்டம் என்றால் பூஜ்யம்.

பிறகு எப்போது ஜெயித்தார்கள்?

2009 செப்டம்பர் 27, வாஷிங்டனை 19–14. தொடர்ந்து 19 தோல்விக்குப் பிறகு. அதை டெட்ராய்டில் வீட்டில் இருந்தவர்களால் டிவியில் பார்க்க முடியவில்லை! டிக்கெட் முழுக்க விற்காவிட்டால் உள்ளூரில் ஒளிபரப்பக் கூடாது என்று அப்போது விதி. உள்ளே இருந்தவர்களுக்கு அதிர்ஷ்டம். உடை மாற்றும் அறைக்குப் போன வீரர்கள் திரும்ப வந்து, மைதானத்தைச் சுற்றி ரசிகர்கள் கையைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

முதல் தேர்வு கிடைத்ததே, அதனால் பலன் உண்டா?

உண்டு, ஆனால் மெதுவாக. 2009-ல் முதல் ஆளாக குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தார்கள். புது பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸ். 2011-ல் 10–6, 1999 சீசனுக்குப் பிறகு முதல் பிளே ஆஃப். அப்புறம் பழையபடி. 2014-ல் முதலாளி இறந்தார், மனைவி மார்த்தா பொறுப்பேற்றார். 90 வயது தாண்டிய அந்த அம்மா 2015 நவம்பரில் மேஹ்யூ, லூவாண்ட் இருவரையும் ஒரே நாளில் அனுப்பினார். புதிதாக வந்த பாப் குவின், மேட் பட்ரீசியா ஜோடியும் சரிப்படவில்லை. 2020-ல் மகள் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் பொறுப்புக்கு வந்தார், அந்த நவம்பரிலேயே இருவரையும் நீக்கினார்.

இப்போதைய பயிற்சியாளர் 0–16 அணியில் இருந்தவரா?

ஆமாம். டான் கேம்ப்பெல் 2008-ல் லயன்ஸ் வீரர். காயத்தால் சீசனின் ஆரம்பத்திலேயே வெளியே போனார், ஆனால் அணிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஷீலா அவரைப் பயிற்சியாளராகவும், பிராட் ஹோம்ஸை ஜெனரல் மேனேஜராகவும் எடுத்தார். முதல் செய்தியாளர் சந்திப்பிலேயே, கீழே தள்ளினால் எழும்போது எதிரியின் முழங்காலைக் கடித்துக்கொண்டு எழுவோம் என்றார் கேம்ப்பெல். நாடே சிரித்தது. முதல் வருடம் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன். இரண்டாம் வருடம் ஏழு ஆட்டம் முடிந்தபோது 1–6.

2022 அக்டோபரில் ஷீலா பயிற்சி மைதானத்துக்கே வந்து, பொறுமையாக இருங்கள், இவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். பழைய ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பாவும் இதே மாதிரிதானே மில்லெனைக் காத்தார்? ஆனால் மில்லென் ஏழு வருடத்தில் கட்டாத ஒன்று இங்கே கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு வருடமும் முதல் தேர்வாக எடுத்தது ஒரு முன்வரிசைத் தடியரை, ஒரு தடுப்பு ஆளை. அந்த வருடம் 9–8 என்று முடித்தார்கள். 2023-ல் 12–5, லயன்ஸ் இருக்கும் நான்கு அணிப் பிரிவில் முப்பது வருடத்தில் முதல் பட்டம்.

ஸ்டாஃபோர்டு என்ன ஆனார்?

2021 தொடக்கத்தில் அவரே கேட்டுக்கொண்டதால் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிய ஜாரெட் காஃபும், டிராஃப்ட் தேர்வுகளும் வந்தன. ஸ்டாஃபோர்டு போன முதல் சீசனிலேயே சூப்பர் பௌல் ஜெயித்தார். டெட்ராய்டில் பலர் அன்று அவருக்காகக் கைதட்டினார்கள்.

பிறகு 2024 ஜனவரி 14, லயன்ஸின் சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் பிளே ஆஃப். லயன்ஸ் கடைசியாக ஒரு பிளே ஆஃப் ஆட்டம் ஜெயித்து 32 வருடம் ஆகியிருந்தது. எதிரணி ராம்ஸ், அவர்கள் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டு. 0–16 கொடுத்த பரிசு, எதிர்ப்பக்கம் நிற்கிறது. அவர் களத்துக்குள் வந்தபோது கூட்டம் கூச்சல் போட்டு விரட்டியது, பன்னிரண்டு வருடம் தங்களுக்காக அடிபட்ட ஆள் என்று தெரிந்தும். அன்றைக்கு அவர்கள் நினைப்பில் காஃப் மட்டும்தான். 24–23, லயன்ஸ். கடிகாரம் ஓடி முடியட்டும் என்று காஃப் பந்தோடு முட்டி போட்டு உட்கார, அவர் பெயரை அரங்கம் முழுக்கப் பாட்டு மாதிரி இழுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.